போரிலிருந்து மீண்டவர்களின் சங்கம்



சரித்திரப் புத்தகங்களில் போர் மூண்ட காரணங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவர். போர் நடந்த விதத்துக்கு நான்கு பக்கம். உடன்படிக்கையின் ஷரத்துக்களுக்கு ஒரு பக்கம். அத்துடன் அத்தியாயம் முடிந்துவிடும். உடன்படிக்கை கையெழுத்தான மறுநாள் போர்வீரன் எங்கே போனான், கால் ஒன்றை இழந்தவன் எவ்வாறு பிழைத்தான், அவன் குடும்பத்துக்கு யார் சோறிட்டார் என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த மறுநாளின் வரலாறு. முதல் உலகப் போருக்குப் பின், 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய 'பிரிட்டிஷ் லீஜன்' என்னும் முன்னாள் படைவீரர் சங்கம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதைக் கூறப் போகிறேன். 'லீஜன்' என்பது பண்டை ரோமாபுரியின் சேனைப் பிரிவு ஒன்றின் பெயர்.

வரலாற்றுக்குள் புகுமுன் நம் மொழிச் சொல் ஒன்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் பாட்டனார் காலத்தில் பென்ஷனுக்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். உபகாரம் என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இன்று கொடுப்பார், நாளை மறுக்கலாம். வாங்குபவர் கைகட்டி நிற்க வேண்டும். பின்னர் 'ஓய்வூதியம்' என்னும் சொல் வழக்கில் வந்தது. ஊதியம் என்பது உழைத்தவன் நிமிர்ந்து நின்று கேட்டுப் பெறுவது. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்கத்தான் இங்கிலாந்தின் படைவீரர்கள் சங்கம் கண்டார்கள்.

ஊனமுற்ற வீரனுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் புதிதன்று. எலிசபெத் அரசியின் காலத்தில், 1593இல், காயமுற்ற வீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் உதவுவதற்கென ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் வரி தண்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னர் 1682இல் செல்சியில் வயோதிக வீரர்களுக்கு ஒரு பெரும் இல்லம் நிறுவினார். கிரிமியப் போர் வந்தபோது, 1854இல், விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் 'தேசாபிமான நிதி' என்று பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும், எவருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானித்தவர்கள் பிரபுக்களும் பாதிரிமார்களும்தாம். வீரனை யாரும் கலந்து கேட்டதில்லை.

1914ஆம் ஆண்டுப் போர் இந்த நிலையைப் புரட்டிவிட்டது. அதற்கு முன் பிரிட்டிஷ் தரைப்படை சிறியது. வேறு பிழைப்புக் கிட்டாதவர்களே பெரும்பாலும் அதில் சேர்ந்தனர். இப்போது லட்சக்கணக்கானோர் தாமே முன்வந்து சேர்ந்தார்கள். 1916 முதல் கட்டாய ராணுவ சேவையும் வந்தது. போர் முடிவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படையில் பணியாற்றிவிட்டனர். அவர்கள் யார்? ஆலைத் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர், ரயில்வே சிப்பந்திகள், குமாஸ்தாக்கள், எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். தொழிற்சங்கக் கூட்டங்களில் எழுந்து பேசிப் பழகியவர்கள். தீர்மானம் எழுதத் தெரிந்தவர்கள். இத்தகையவன் ஒரு கையை இழந்து ஊர் திரும்பும்போது, தர்மப் பெட்டியின் முன் தலைகுனிந்து நிற்பான் என்று சர்க்கார் எதிர்பார்த்தது பெரும் பேதைமை.

முதல் சங்கம் 1916இல் லங்காஷயரைச் சேர்ந்த பிளாக்பர்ன் என்னும் நகரில் தோன்றியது. நம் சுதேசி இயக்க வரலாற்றைப் படித்தோர் லங்காஷயர் என்றதும் அங்கிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய மில் துணியை நினைவு கூர்வர். அந்த ஆலைத் தொழிலாளரிடையேதான் 'படையினின்று விடுவிக்கப்பட்டோர் தேசிய சங்கம்' எழுந்தது. தொழிற்சங்கங்களும் தொழிற் கட்சியும் அதற்குத் துணை நின்றன.

அடுத்த ஆண்டு ஒரு சட்டம் வந்தது. போர்முனையில் ஆட்கள் போதவில்லை. ஆகவே, உடல் தகுதியற்றவர் என்று முன்னர் தள்ளப்பட்டவரையும், காயத்தால் விடுவிக்கப்பட்டவரையும் மீண்டும் மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கலாம் என்று 1917 ஏப்ரலில் பார்லிமெண்டு விதித்தது. ஒரு முறை குண்டடிபட்டு மீண்டவனை மறுபடியும் அனுப்புவதா! ஒரு முறையேனும் போகாதவர்கள் நாட்டில் இருக்கும்வரை, போய் வந்தவனைத் தொடக்கூடாது என்று வாதாடினர் விடுவிக்கப்பட்டோர். இந்தக் கோபத்தில் லண்டனில் பிறந்தது இரண்டாவது அமைப்பாகிய 'தேசியச் சம்மேளனம்'. லிபரல் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினர் ஜேம்ஸ் ஹாக் என்பவர் அதற்குத் தலைவரானார். சிப்பாய் நிலையிலிருந்து உயர்ந்தவர் ஒழிய வேறு எந்த அதிகாரியையும் அச்சம்மேளனம் சேர்த்துக்கொள்ளவில்லை. தர்மத்துக்கு முன் நீதி வேண்டும் என்பதே அதன் குறிக்கோள்.

சம்மேளனம் பேச்சோடு நிற்கவில்லை. 1917 ஜூன் மாதம் லிவர்பூல் நகரில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. யுத்த மந்திரியாகிய டெர்பி பிரபுவின் மைந்தர் ஸ்டான்லி பிரபு அங்கே வேட்பாளர். அவரை எதிர்த்துச் சம்மேளனம் தன் ஆளை நிறுத்தியது. சம்மேளனத்தின் வேட்பாளர் தோற்றார். எனினும் மேலிடத்தார் திடுக்கிட்டனர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே போர்வீரர்கள் யுத்த மந்திரிக்கு எதிராகத் தேர்தலில் இறங்குவதா? ரஷ்யாவில் சிப்பாய்கள் புரட்சிக் குழுக்கள் அமைத்திருந்த ஆண்டு அது என்பதை மறக்க வேண்டாம். சில வாரங்களுக்குள், டெர்பி பிரபுவின் ஆதரவோடும் கன்சர்வேடிவ் கட்சியினரின் முயற்சியோடும் 'மகா யுத்தத் தோழர்கள்' என்ற மூன்றாம் அமைப்பு உதயமாயிற்று. இதில் அதிகாரிகளும் சேரலாம். பணத்துக்குக் குறைவில்லை. ஆக, ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் கட்சிக்கு ஒன்றாக மூன்று சங்கங்களாகப் பிரிந்து நின்றனர்.

1918 நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அங்கம் துண்டிக்கப்பட்டோர் மட்டும் 41,000 பேருக்கு மேல். முழு ஊனத்துக்கு வாரம் 27 ஷில்லிங் 6 பென்ஸ் என்று 1917இல் விதித்திருந்தார்கள். விலைவாசி ஏறியிருந்த காலத்தில் அது எம்மூலைக்கு? 1919 மே மாதம், வேலையற்ற வீரர்கள் லண்டன் ஹைடு பூங்காவில் கூடிப் பார்லிமெண்டை நோக்கி ஊர்வலமாகச் சென்றபோது, போலீசார் தடியடி நடத்தினர். அதே ஆண்டு ஜூலை 19ஆம் தேதி நாடெங்கும் சமாதானத் திருநாள். லூட்டன் என்னும் ஊரில், மாண்ட தோழர்களுக்குப் பூங்காவில் பிரார்த்தனை நடத்த வீரர்கள் அனுமதி கேட்டார்கள், நகரசபை மறுத்தது. மறுத்த அதே சபை மேயரின் விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தது. அன்றிரவு லூட்டன் நகர மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. தீ வைத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தத் தீக்கு விறகு அடுக்கியவர் யார் என்றும் வரலாற்று மாணவன் கேட்டாக வேண்டும்.

அவ்வாண்டு முடிவதற்குள் முழு ஊனப் பென்ஷன் வாரம் 40 ஷில்லிங்காக உயர்ந்தது. விண்ணப்பங்களால் சாதிக்க முடியாததைச் சங்கங்களின் சலசலப்புச் சாதித்தது என்பதே என் கருத்து.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்சில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை வகித்த டக்ளஸ் ஹேக். 1916 ஜூலை 1ஆம் தேதி சோம் ஆற்றங்கரைப் போரின் முதல் நாளில் மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர் மாண்டனர். அந்தப் போரை நடத்தியவர் இவரே. இவர் பெயரைக் கேட்டால் இன்றும் சரித்திராசிரியர்கள் இரு அணிகளாகப் பிரிந்து வாதாடுவர். ஆயினும், போர் முடிந்தவுடன் சர்க்கார் தமக்கு அளிக்க வந்த பிரபுப் பட்டத்தை, ஊனமுற்றோருக்குத் தக்க ஏற்பாடு செய்யும்வரை ஏற்க மாட்டேன் என்று அவர் மறுத்ததும் உண்மை. 1919இல் பட்டத்தை ஏற்றார். அத்துடன் பார்லிமெண்டு அவருக்கு ஒரு லட்சம் பவுண்டு வெகுமதியும் அளித்தது.

கணக்கு வாத்தியார் பழக்கம் என்னை விடவில்லை. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வாரம் 40 ஷில்லிங் என்றால் ஆண்டுக்கு 104 பவுண்டு. இரு கால்களையும் இழந்த ஒருவன் சேனாதிபதியின் வெகுமதித் தொகையைப் பென்ஷனாகப் பெறுவதற்கு 961 ஆண்டுகளுக்கு மேல் வாழ வேண்டும்!

அதிகாரிகளிலும் வறியவர் பலர் இருந்தனர். போர்க்காலத்தில் அவசரமாக அதிகாரியாக்கப்பட்ட குமாஸ்தாவும் ஆசிரியனும் பின்னர் வேலையின்றித் திண்டாடினர். அவர்களுக்கென 1920இல் ஹேக்கின் முயற்சியால் 'அதிகாரிகள் சங்கம்' தோன்றியது. ஆக நான்கு சங்கங்கள் ஆயின. ஆனால் அதிகாரிக்கு ஒரு சங்கம், சிப்பாய்க்கு ஒரு சங்கம் என்பதை ஹேக் விரும்பவில்லை; எல்லாரும் ஒன்றாக வேண்டும் என்றார். மறுபுறம், சம்மேளனத்தின் தலைமைக்கு வந்திருந்த டி. எஃப். லிஸ்டர் என்ற லங்காஷயர்க்காரரும் ஒற்றுமையையே நாடினார். அவர் சாதாரண நிலையில் பீரங்கிப் படையில் பணியாற்றியவர். வேலையில்லாத் திண்டாட்டம் இவர்கள் பேச்சுவார்த்தையை விரைவுபடுத்தியது. 1921 நடுவில் பிரிட்டனில் வேலையற்றோர் 20 லட்சத்தைத் தாண்டினர். நான்கு சங்கங்களும் தனித்தனியே கதவைத் தட்டிப் பயனில்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

1921 மே 15, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் மாண்டார் நினைவாக எழுப்பிய சினோடாப் நினைவுச் சின்னத்தின் முன் காலை ஒன்பது மணிக்கு நான்கு சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினர். அவர்கள் வைத்த மலர்வளையத்தின் அடியில் நான்கு சங்கங்களின் முத்திரைகளும் இருந்தன. பிக் பென் கடிகாரம் ஒன்பது அடித்தது. நான்கு சங்கங்களும் மறைந்து பிரிட்டிஷ் லீஜன் பிறந்தது. ஹேக் அதன் தலைவர். செயற்குழுவின் முதல் தலைவராக வாக்கெடுப்பில் வந்தவர் லிஸ்டர். நேற்றுவரை சேனாதிபதிக்கு வணக்கம் செலுத்தி நின்ற சாதாரண வீரர் ஒருவர், அவருடன் ஒரே மேடையில் சங்கத்தை நடத்தலானார். எக்கட்சியையும் சாராதது, எம்மதத்தையும் சாராதது என்று அமைப்பு விதியில் எழுதிக்கொண்டனர். இடதுசாரியினர் நடத்திய வேறொரு சங்கம் மட்டும் இதில் சேராமல் ஒதுங்கி நின்றது.

கட்சியை விட்டதால் ஒற்றுமை கிட்டியது. அதற்கு விலையும் கொடுத்தார்கள். இனித் தேர்தலில் வேட்பாளரை நிறுத்த இயலாது. அமைச்சரை மிரட்ட இயலாது. மனுக் கொடுக்கலாம், தூது போகலாம். மிஞ்சியது நிதி திரட்டும் வேலை. தர்மத்துக்கு முன் நீதி என்று முழங்கிய கூட்டத்தாரின் வாரிசுகள், சில மாதங்களுக்குள் தெருவில் உண்டியல் குலுக்கத் தொடங்கினார்கள்.

அந்த உண்டியலோடு வந்ததே செந்நிறப் பாப்பி மலர். நம் சமையலறையில் உள்ள கசகசாவைத் தரும் செடிக்கு உறவான களைச்செடி அது. குண்டுகளால் கிளறப்பட்ட பிளாண்டர்ஸ் வயல்களில் அது ஏராளமாகப் பூத்தது. ஜான் மக்ரே என்ற கனடா நாட்டு மருத்துவர் 1915இல் எழுதிய கவிதையால் அம்மலர் மாண்டோரின் சின்னமாகக் கருதப்பட்டது. அமெரிக்கப் பேராசிரியை மொய்னா மைக்கேல் அதை முதலில் ஆடையில் அணிந்தார். பிரெஞ்சு மாது அன்னா கெரேன் அதைத் துணியில் செய்து விற்கும் யோசனையை நாடு நாடாகக் கொண்டு சென்றார். 1921இல் அவர் லண்டனுக்கு வந்தபோது, லீஜன் 90 லட்சம் மலர்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நவம்பர் 11 அன்று அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. வசூல் 1,06,000 பவுண்டுக்கு மேல்.

மீண்டும் என் கணக்கு: அத்தொகையைக் கொண்டு 1,019 பேருக்கு ஓராண்டு முழு ஊனப் பென்ஷன் கொடுக்கலாம். ஆனால் சர்க்காரிடம் ஊனப் பென்ஷன் பெற்றவர் தொகையோ பத்து லட்சத்துக்கு மேல். மக்களின் மனம் எவ்வளவு பெரிதாயினும், உண்டியலால் நாட்டின் கடனைத் தீர்க்க முடியாது என்பதை இவ்வெண்கள் காட்டும்.

அதே நவம்பர் 11ஆம் நாள்களில் வேறொரு காட்சியும் லண்டன் தெருக்களில் தென்பட்டது. வேலையற்ற முன்னாள் வீரர்கள் ஊர்வலமாக வந்தனர். அவர்கள் மார்பில் பதக்கங்கள். பதக்கங்களுக்குப் பக்கத்தில் ஊசியால் குத்திய அடகுச் சீட்டு! 1920களின் தொடக்கத்தில் இதைக் கண்டோர் பலர் எழுதி வைத்திருக்கின்றனர். செந்நிற மலரும் அடகுச் சீட்டும் ஒரே நாளில் ஒரே தெருவில் நின்றன.

மலரைப் பழித்துவிடுவதும் என் நோக்கமன்று. மேஜர் ஜார்ஜ் ஹௌஸன் என்பவர் 1922இல் லண்டன் பழைய கென்ட் சாலையில், முன்பு சட்டைக் கழுத்துப்பட்டை செய்துவந்த ஒரு பட்டறையை எடுத்து, ஊனமுற்ற ஐந்து பேரைக் கொண்டு மலர் செய்யும் தொழிலைத் தொடங்கினார். முதலீடு 2,000 பவுண்டு. இம்முயற்சி பெரிதாக வெற்றி பெறும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் அவ்வாறு குறிப்பிட்டிருக்கிறார். ஒரு கை மட்டும் உள்ளவனும் செய்யத்தக்கதாக மலரின் அமைப்பை வகுத்தார்கள். சில ஆண்டுகளில் தொழில் பெருகி, பட்டறை தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ரிச்மண்டுக்கு மாறியது. அங்கு வேலை செய்தவன் வாங்கியது சம்பளம், பிச்சையன்று. தர்மத்துக்கும் ஊதியத்துக்கும் நடுவே ஒரு பாலம் உண்டென்றால் அது ஹௌஸனின் மேசைதான்.

ஆனால் இம்மலர் கடல் கடந்த இடங்களில் வேறு பொருள் பெற்றது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் நவம்பர் 11இல் பாப்பி விற்பனை நடந்தது. இலங்கையில் திரண்ட பணத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் வீரர்களுக்கே போய்ச் சேர்ந்தது. அதே போரில் சேவை செய்த இலங்கையரின் கதி என்ன என்று கேட்டார் இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர் ஏலியன் பெரேரா. பாப்பிக்குப் போட்டியாக 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார்கள். சூரிய மல் வேறெதுவும் அன்று; நம் ஊர்த் தெருவோரத்துப் பூவரசம்பூவே. 1933இல் இளைஞர் சங்கங்கள் இதைத் தம் கையில் எடுத்தன. டோரீன் யங் என்னும் ஆசிரியை பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை ஊட்டியது. மஞ்சள் பூவை விற்ற இளைஞர்களே 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது கிராமந்தோறும் மருந்து கொண்டு சென்றனர். அவர்களிற் பலர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். யாருடைய வீரன், யாருடைய தர்மம் என்று ஒருவன் கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

நம் நாட்டில் டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாள். 1949 முதல் நடந்து வருகிறது. பள்ளிகளில் சிறு காகிதக் கொடிகளை உங்களுக்குக் கொடுத்துப் பணம் திரட்டுகிறோமே, அந்நாள்தான். கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணும் மாணவனிடம் நான், "உங்கள் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது, சொல்" என்று கேட்பதுண்டு.

லீஜனுக்குத் திரும்புவோம். பென்ஷன் விஷயத்தில் அச்சங்கம் உறங்கிவிடவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, படையை விட்டு ஏழாண்டுகளுக்குள் விண்ணப்பிக்காதவன் ஊனப் பென்ஷன் கேட்க இயலாது. நச்சுவாயுவைச் சுவாசித்தவனின் நுரையீரல் எட்டாம் ஆண்டில் கெட்டால் என் செய்வது? சட்டம் அறிந்த தொண்டர்களை லீஜன் கிளைதோறும் அமர்த்தி, ஏழை வீரனின் வழக்கை எழுதிக் கொடுத்தது. வரம்பை எடுக்கும்படி ஓயாது கேட்டது. 1929இல் அவ்வரம்பு தளர்த்தப்பட்டது.

இதைவிடப் பெரிய வெற்றி 1943இல் கிட்டியது. அதுவரை, தன் நோய் படைச் சேவையால் வந்தது என்று வீரனே நிரூபிக்க வேண்டும். பாசறை மருத்துவரின் குறிப்பேடு பதுங்குகுழிச் சேற்றில் போய்விட்டிருக்க, அவன் எதைக் காட்டுவான்? இரண்டாம் உலகப் போரின் நடுவில், நிரூபிக்கும் பொறுப்பு வீரனிடமிருந்து சர்க்காருக்கு மாற்றப்பட்டது. நோய் சேவையால் வரவில்லை என்று இனி அமைச்சகமே காட்ட வேண்டும். தீர்ப்பில் திருப்தியில்லாதவன் முறையிடச் சுதந்திரமான நடுவர் மன்றங்களும் அமைந்தன. பாட்டும் அணிவகுப்பும் பத்திரிகைகளில் இடம்பெறும். இத்தகைய ஒரு ஷரத்து மாற்றம் இடம்பெறாது. ஆனால் ஒரு விதவையின் வீட்டில் அடுப்பு எரிவதும் அணைவதும் இதில்தான் இருந்தது.

சங்கம் தடுமாறிய காலமும் உண்டு. இன்னொரு போர் வரக்கூடாது என்ற தவிப்பில், 1935இல் லீஜனின் தூதுக்குழு ஒன்று பெர்லினுக்குச் சென்று ஹிட்லரைச் சந்தித்தது. போர்வீரனுக்குப் போர்வீரன் மனம் விட்டுப் பேசினால் சமாதானம் கிட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஹிட்லருக்கு அது நல்ல விளம்பரமாயிற்று. மூன்றாண்டு கழித்து, மியூனிக் உடன்படிக்கையின்போது, செக்கோஸ்லோவாகியாவின் சுடேட்டன் பகுதியில் வாக்கெடுப்பைக் காவல் காக்க 1,200 முன்னாள் வீரர்களை லீஜன் திரட்டியது. நீல உடை, கையில் ஒரு தடி, துப்பாக்கி கிடையாது. இரு கப்பல்களில் ஏறித் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் சில நாள் காத்திருந்தனர். வாக்கெடுப்பே நடைபெறாமையால் கரையிறங்கி வீடு திரும்பினர். சிரிக்கத் தோன்றும். ஐம்பது வயதை நெருங்கியவர்கள், ஒரு போரின் வடுவோடு, இன்னொரு போரைக் கைத்தடியால் தடுக்கக் கப்பலேறினார்களே என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அங்கத்தினர் தொகை 1938இல் நான்கு லட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் போருக்குப் பின் பத்து லட்சத்தையும் கடந்தது. பெரிய எண்ணிக்கைதான், எனினும் முதல் போரிலிருந்து மீண்டோரில் பத்தில் ஒருவர்கூட 1938 வரை அதில் சேரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பலர் எல்லாவற்றையும் மறக்கவே விரும்பினர். சிலருக்குப் பழைய தளபதிகளின் முகம் பிடிக்கவில்லை.

சங்கம் தன் ஐம்பதாம் ஆண்டை அடைந்தபோது, 1971இல், 'ராயல்' என்ற அடைமொழி பெற்று ராயல் பிரிட்டிஷ் லீஜன் ஆயிற்று. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து இளைஞர்கள் ஊனமுற்றுத் திரும்பிய காலத்தில், நாட்டுக்கும் படைவீரனுக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்று 2007இல் அது மீண்டும் ஒரு கிளர்ச்சி தொடங்கியது. அதன் பயனாக 2011ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தில் அவ்வொப்பந்தம் பெயர் சொல்லி இடம்பெற்றது. ஆண்டுதோறும் அமைச்சர் அதுபற்றிப் பார்லிமெண்டுக்கு அறிக்கை தர வேண்டும் என்று விதித்தனர். 2021இல் வந்த சட்டம் மருத்துவம், கல்வி, வீட்டுவசதி ஆகியவற்றை நடத்தும் உள்ளாட்சிகளும் பொது நிறுவனங்களும் அவ்வொப்பந்தத்தைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று கடமையாக்கியது. பிளாக்பர்ன் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கூட்டி அப்போது 105 ஆண்டுகள் ஆகியிருந்தன. ரிச்மண்டில் மலர் செய்வது இன்றும் நடக்கிறது; நவம்பர் பிறந்தால் பிரிட்டனின் ரயில் நிலைய வாயில்களில் உண்டியலும் வந்துவிடுகிறது.